கருத்தடை பாவமா?

தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டு நாய்க்குக் கருத்தடை என்று பேச்செடுத்தால் உடனே வரும் பதில், "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்!" என்பதுதான். சரி... அது போடும் குட்டிகள் எங்கே போகின்றன?

கடுவன் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டு ஆற்றங்கரையில் விட்டு வருவார்கள். அது பாவம் இல்லையா?

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். வருடத்துக்கு இரண்டு ஈற்றுகூடப் போடலாம். வயல், களம் என்று அவிழ்த்துவிட்டு வளர்க்கும் ஊரில் அதை யார் தடுக்க முடியும்?

சென்னையில் தெருநாய்களைக் கொன்று பார்த்தும் எண்ணிக்கை குறையவில்லை. புளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்த கருத்தடை முறைக்கு மாநகராட்சி 1996-ல்தான் வந்தது. 2001-ல் அது நாடு முழுவதற்கும் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன. இரண்டிலுமே வளர்ப்பு நாயின் பொறுப்பு உரிமையாளருடையதுதான்.

அறுவை சிகிச்சையில் ஆபத்தே இல்லையா? உண்டு. மயக்க மருந்து சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தீனியைக் குறைக்காவிட்டால் உடம்பு போடும். பெரிய இனங்களுக்கு எந்த வயதில் செய்வது என்று டாக்டரைக் கேட்க வேண்டும். ஆனால் வயதான பொட்டை நாய்களைக் கொல்லும் கர்ப்பப்பைச் சீழ், கருத்தடை செய்த நாய்க்கு அநேகமாக வராது.

ஒரத்தநாட்டிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டோடு கட்டி வளர்ப்பவர்கள் நிதானமாக யோசிக்கலாம். அவிழ்த்துவிடுபவர்கள் யோசிக்க ஒன்றுமில்லை. முடிவைத் தள்ளிப்போட்டால் அதன் விலையைக் கொடுப்பது சாக்கில் போகும் குட்டிகள்தான்!