விளையாடக் கூடாத கணினி

பழைய வீட்டுக் கணினி ஒன்றைத் தூசு தட்டி விளையாட்டுக்குத் தயார்ப்படுத்துவது இலக்கியம் பேசும் இடத்தில் எழுதத் தக்க விஷயம்தானா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எழுதத் தக்கதே என்பது எங்கள் எண்ணம். பழைய சிற்றிதழ்களைத் தேடி அலைகிறோம். 1994இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் பத்திரமாக இருப்பதை அறிந்து மகிழ்கிறோம். ஒரு தலைமுறை முதன்முதலாகத் தொட்ட கணினியை மட்டும் காயலான் கடையில் எடைக்குப் போடும்போது நமக்கு எந்தக் கூச்சமும் வருவதில்லை.

1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதை இங்கேயும் தயாரித்தது. ஏறத்தாழ 12,000 கணினிகள் மாநில அரசுகள் வழியே பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலி, 32 கிலோபைட் நினைவகம், திரைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சேமிப்புக்கு டேப் ரிக்கார்டர். அவ்வளவுதான் அதன் குடும்பம்.

பள்ளிக்குப் போன கணினி பிள்ளைகளிடம் போயிற்றா என்பது வேறு கேள்வி. நாங்கள் அறிந்த ஒரு பள்ளியில் அதற்கென்று தனி அறை இருந்தது, திரைச்சீலை இருந்தது, பூட்டும் இருந்தது. சந்நிதிக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போய், ஆசிரியர் விசைகளை அழுத்துவதைப் பார்த்துவிட்டு வரிசையாக வெளியே வர வேண்டும். விளையாட்டு என்ற சொல்லை அந்த அறையில் உச்சரித்தவன் அடுத்த வாரம் உள்ளே போக முடியாது. அதே காலத்தில், 1986 முதல் டெசிபெல்ஸ் நிறுவனம் விற்ற 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' கணினியை வாங்க முடிந்த நகரத்து வீடுகளில் பிள்ளைகள் இரவெல்லாம் விளையாடினார்கள். விளையாடி அலுத்தவர்களில் சிலர் தாமே விளையாட்டு எழுதிப் பார்த்தார்கள். கணினிக் கல்வி என்பது உண்மையில் எங்கே நடந்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

திருத்தணியில் எங்கள் வாசகர் வட்டத்தின் கைக்கு அப்படியொரு பிபிசி மைக்ரோ வந்து சேர்ந்தது. எடைக்கு எடை கொடுத்து வாங்கியதுதான். இத்தகைய இயந்திரத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அதை மின்சாரத்தில் செருகாமல் இருப்பது. பவர் சப்ளைக்குள் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்கென்று வைத்திருக்கும் கண்டென்சர்களின் மேலுறை நாற்பது ஆண்டுகளில் வெடிப்புவிட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். செருகிய சில நிமிடங்களில் அவை புகை கக்கிச் சிதறுவது பிரசித்தம். வெயிலில் வேலூரோடு போட்டியிடும் எங்கள் ஊரில், விசைத்தறிகளுக்கு இடையே ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில், சோதித்துப் பார்ப்போமே என்ற துணிச்சல் வேண்டியதில்லை. மாற்றுக் கண்டென்சர்கள் சென்னை ரிட்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு, ஸ்டெபிலைசர் வழியாக இணைத்தோம். இரட்டைச் சுருதியில் ஒரு பீப் ஒலி. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அறையிலிருந்த எல்லோரும் காரணமில்லாமல் கைதட்டினார்கள்.

அடுத்தது மேம்படுத்துதல். இங்கேதான் கருத்து வேறுபாடு எழுகிறது. மூல இயந்திரத்தில் ஒரு திருகாணிகூட மாறக் கூடாது, விளையாட்டுகளை ஒலிநாடாவிலிருந்தே ஏற்ற வேண்டும் என்பார்கள் தூய்மைவாதிகள். அந்த அனுபவத்தை நாங்கள் இகழவில்லை. நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் 20 கிலோபைட் வந்து சேர மூன்று நிமிடம் ஆகும். நடுவில் நாடா சிறிது நழுவினாலும் பின்னோக்கிச் சுற்றச் சொல்லித் திரையில் கட்டளை வரும். அதைப் பிள்ளைகளுக்கு ஒரு முறை காட்டினோம். ஒரு முறை போதும். இயந்திரத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் பயனர் துளையில் ஒரு சிறு மெமரி கார்டு இணைப்பைச் செருகி, உள்ளே காலியாக இருந்த ரோம் குழி ஒன்றில் அதற்கான மென்பொருள் சில்லைப் பொருத்திவிட்டால் அதே விளையாட்டு சில நொடிகளில் வந்துவிடுகிறது. எதையும் அறுக்கவில்லை, துளையிடவில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

இதற்கு வலுவான காரணம் ஒன்றும் உண்டு. 1984இல் இயன் பெல், டேவிட் பிராபன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோவுக்காக எழுதிய 'எலைட்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வாங்கியவர்களுக்கு அதனுடன் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய குறுநாவல் ஒன்றும் கிடைத்தது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். இத்தனையும் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன? எங்கும் இல்லை. ஆறு பைட் விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு ஒவ்வொரு உலகமும் அவ்வப்போது பிறக்கிறது. ஈரெழுத்துத் துண்டுகளைக் கோத்துப் பெயர் சூட்டிக்கொள்கிறது. வட்டில் வெளிவந்த பதிப்பிலோ, சின்னஞ்சிறு இலக்கணம் ஒன்று ஒவ்வொரு உலகத்தைப் பற்றியும் கிண்டலாக ஒரு வாக்கியம் அமைத்துச் சொல்கிறது. நாடாப் பதிப்பில் அந்த வாக்கியங்களுக்கு இடமில்லை. வட்டு இயக்கியோ தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். இன்று ஒரு மெமரி கார்டு அந்த விடுபட்ட பக்கங்களைத் திருப்பித் தருகிறது. மேம்படுத்துவதால் மூலம் கெட்டுவிடும் என்போர் இதற்கு என்ன சொல்வார்களோ.

ஆனால் எங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ராஸ்பெர்ரி பை என்ற இன்றைய சிறு கணினியை இரண்டாம் செயலியாக இணைத்து, பழைய இயந்திரத்தைப் பன்மடங்கு வேகத்தில் ஓட்டலாம். நண்பர் ஒருவர் வற்புறுத்தியும் நாங்கள் அதைச் செய்யவில்லை. எலைட் திரையின் மேற்பகுதி இரு நிறம், கீழ்ப்பகுதி நான்கு நிறம். நினைவகத்தை மிச்சம்பிடிக்க, ஒவ்வொரு படச்சட்டத்தின் நடுவிலும் திரையின் முறையையே மாற்றுகிறது நிரல். அந்த 32 கிலோபைட்தான் அவர்களுக்கு வாய்த்த யாப்பு. தளை தட்டாமல் எழுதியவனின் வெண்பாவைத் தளை நீக்கிப் படிப்பதில் என்ன இருக்கிறது?

உலாவியிலேயே ஓடும் போலிமை மென்பொருள்கள் இலவசமாக இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பது நியாயமான கேள்வி. எலைட்டை அறிந்துகொள்ள மட்டும் என்றால் அவையே போதும், தயங்காமல் பயன்படுத்துங்கள். எங்கள் அறையில் நடந்தது வேறு. விடுமுறையில் வந்த பிள்ளைகளிடம் பேசிக் மொழியில் நாற்பது வரி விளையாட்டு ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னோம். மூன்று உயிர்தான் தருகிறது என்று அலுத்துக்கொண்ட ஏழாம் வகுப்புச் சிறுமி, நிரலில் அந்த 3 எங்கே இருக்கிறதென்று தானே தேடிப் பிடித்து 99 ஆக்கினாள். இன்னொருவன், எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைத்து, எட்டு எண்களாக மாற்றி, திரையில் 'ழ' வரவழைத்தான். கொம்பு கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு நாள் போராடினான். கைபேசியில் அவர்கள் ஆடும் எந்த விளையாட்டும் தன் வயிற்றைத் திறந்து காட்டுவதில்லை.

பல பள்ளிகளின் பொருள் வைப்பறைகளில், உடைந்த மேசைகளுக்கு அடியில், இந்த இயந்திரங்கள் இன்னும் கிடக்கக்கூடும். கழிவு ஏலத்துக்குப் பட்டியல் எழுதும் தலைமையாசிரியர்கள் ஒன்றையாவது ஒதுக்கி வைத்து, அறையைப் பூட்டாமல் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்களுடையதில் இரண்டு விசைகள் மட்டும் இன்னும் சிக்குகின்றன. ஆடிக்கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் மறுபடியும் ரிட்சி தெருவுக்கு ரயிலேற வேண்டும்.