கூடாரம் பிரித்த பிறகு

ராணுவ டாக்டர் என்றால் நம்ம ஆட்களுக்கே ஒரு மயக்கம். கொரியப் போரில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை நடத்திப்போன ஏ.ஜி. ரங்கராஜ் தமிழர் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். 2023 துருக்கி பூகம்பத்துக்குப் போனதும் அதே பிரிவுதான். அந்த டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. கட்டுப் போடுகிற கை நல்ல கைதான். அதை அனுப்பி வைக்கிற தலையைப் பற்றித்தான் பேச்சு.

2009 மார்ச்சில் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் வந்திறங்கிய காயக்காரர்களுக்காகப் புல்மோட்டையில் இந்திய அரசு மருத்துவமனை போட்டது. பிறகு அது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனது. செப்டம்பர் வரை சுமார் 50,000 பேருக்கு வைத்தியம் பார்த்ததாக அரசே கணக்குச் சொன்னது. சரி. அந்தப் போருக்கு ராடார் கொடுத்தது யாரு? அதே அரசுதான். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனங்கள் முள்கம்பிக்குள் கிடந்தார்கள். மாத்திரை உள்ளே போனது, சனங்கள் வெளியே வரவில்லை. (ராணுவத்தில் 'சஃபாயிவாலா' என்று தனி வேலையே உண்டு. கூடாரத்து ரத்தத்தைக் கழுவியவன் எந்தச் சேரிக்காரன் என்று எவனும் எழுதவில்லை.)

1987 அக்டோபர் 21, 22 தேதிகளை மறந்துவிட்டா இதையெல்லாம் மனிதாபிமானம் என்பது? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை புகுந்து சுட்டதில் டாக்டர், நர்சு, நோயாளி என்று அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். 'சண்டையில் சிக்கிச் செத்தார்கள்' என்றது ராணுவம்.

இங்கே மரக்காணத்து உப்பளத்தில் ஒரு அக்கா. வருசக்கணக்கா உப்பு வாரி, பாதமெல்லாம் வெடிச்சுப் புண்ணு. சொன்னாங்க: "டாக்டரு நல்லாத்தான் பாத்தாரு தம்பி. காலைத் தண்ணியில வெக்காதேன்னாரு. உப்புத் தண்ணியில நிக்காம இன்னாத்தப் பொழைக்கிறது?"

மெனிக் பாமுக்குப் போன மருந்தும் இதே மருந்துதான். புண்ணைப் பார்ப்பான், புண்ணு வந்த இடத்தைப் பார்க்கமாட்டான்.

உப்பளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாம். கடல்தாண்டி அடிபட்டவனுக்கு ராணுவ டாக்டரை அனுப்பிய நாடு, கடல்தாண்டி வந்தவனைப் பதிவேட்டில் வைத்து ஆள் எண்ணுகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆயிரம் பேர் மலையகத்து வழி வந்தவர்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் யாரு? இங்கிருந்து தேயிலைக்கும் காப்பிக்கும் கப்பலேறிய பறையன், பள்ளன், சக்கிலியன். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்துப் போட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ ஈழத்து அகதி என்ற பேச்சே இல்லை. 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் உருகுகிற நம்ம தமிழ்த் தலைவர்களாவது, அந்தக் கொடி எந்தச் சேரியிலிருந்து போனது என்று என்றைக்காவது வாய் திறந்தார்களா?

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் எங்கள் குடிசைகள் எரிந்தன. வீடிழந்து நின்ற எங்களை அகதி என்று சொல்லக்கூட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சொந்த ஊரிலேயே நிற்கிறோமாம்.

எங்களுக்குக் கூடாரம் வேண்டாம். உப்பளத்தில் நிற்கிற காலுக்கு பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, மழைமாசத்துக்குக் கூலி. முகாம்காரனுக்குக் குடியுரிமை. இதற்குப் படையும் வேண்டாம், விமானமும் வேண்டாம். தமிழ்நாட்டு முகாமிலேயே பிறந்து, முப்பது வயது தாண்டி, பிள்ளையும் பெற்றவர்கள் இன்னும் அகதி அட்டையோடுதான் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள்.