வயிற்றுக் கோடு போக சீட்டுப் பணமா?

நான் 36 வயது குடும்பத் தலைவி. பத்தாவது வரை படித்தவள். இந்தப் பகுதியில் சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் பிரச்னை எல்லாம் எழுதுகிறோம். நமக்குள்ளேயே பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தை இன்று எழுதத் துணிந்தேன். பிள்ளை பெற்றபின் வயிற்றிலும் தொடையிலும் வரி வரியாக நிற்கிற கோடுகளைத்தான் சொல்கிறேன். 'ஸ்ட்ரெச் மார்க்' என்பார்கள்.

மூத்தவளைச் சுமந்த ஏழாம் மாதம் எனக்கு வயிறெல்லாம் நமைச்சல். "சொறியாதே, கோடு விழும்" என்று அம்மா தினமும் எண்ணெய் தடவி விட்டார். நான் சொறியவே இல்லை. ஆனாலும் விழுந்தது. முதலில் சிவப்பாக இருந்தது, இரண்டொரு வருஷத்தில் வெளுத்துப் போனது. அன்றிலிருந்து சேலையை ஏற்றிக் கட்டி, இடுப்பில் ஊக்கு குத்தியே பழகிவிட்டேன்.

போன வருஷம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வந்தது. அதற்குள் எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்று ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். "ஆறு சிட்டிங் லேசர் வைத்தால் இருந்த இடமே தெரியாது" என்றார்கள். மொத்தம் 24,000 ரூபாய், பாதி முன்பணம். மகள் படிப்புக்கென்று கட்டி வந்த ஏலச் சீட்டை, வீட்டுக்காரருக்குத் தெரியாமல், நஷ்டத்துக்குக் கேட்டு எடுத்தேன். இரண்டாவது சிட்டிங் முடிந்த பத்தாம் நாள், வெள்ளைக் கோட்டைச் சுற்றி இஸ்திரிப் பெட்டி சுட்டது போலக் கருத்துவிட்டது. கேட்டதற்கு, "மாநிறம் என்றால் அப்படித்தான், போகப் போகச் சரியாகும்" என்று பதில். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

அதன்பின்தான் அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்ததைச் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

இந்தக் கோடு மேல்தோலில் இல்லையாம். தோல் வேகமாக விரியும்போது உள்ளே இருக்கிற நார் அறுந்து உண்டாகும் தழும்பாம். அதனால் முழுசாக அழிக்க எந்த வைத்தியமும் கிடையாது, மங்க வைக்கத்தான் முடியும். சிவப்பாக இருக்கும்போதே பார்த்தால் பலன் கூடுதல். வெளுத்துவிட்டால் குறைவு.

தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய், கோகோ வெண்ணெய் எல்லாம் தோலை மிருதுவாக்கும், நமைச்சலைக் குறைக்கும். கோடு வராமல் தடுக்கும் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை. எனவே விலை கூடிய பாட்டில் தேவையில்லை. ட்ரெட்டினாயின் என்ற கிரீம் புதிதான சிவப்புக் கோட்டை ஓரளவு குறைக்கும். தோல் எரியும், உரியும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. லேசரில் பல வகை உண்டு. சில வகை சிவப்பைக் குறைக்கும், சில வகை உள்ளே புது நார் வளரத் தூண்டும். நம்மைப் போல் மாநிறம், கறுப்பு நிறத்தவர்களுக்கு அந்த இடம் கருக்கிற ஆபத்து அதிகம். நுண் ஊசி வைத்தியம் என்று ஒன்று. மரக்க வைக்கும் கிரீம் தடவி, மிகச் சின்ன ஊசிகளால் குத்துவார்கள். வலியும் சிவப்பும் சில நாள் இருக்கும். லேசரைவிடக் கருப்பது குறைவு. மாதம் ஒரு தடவை வீதம் பல தடவை போக வேண்டும். தோலைத் தேய்த்து எடுக்கும் 'பாலிஷ்' மேலோடு சரி, ஆழத்துக்குப் போகாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்த அதே மாதம் இன்னொரு அதிர்ச்சி. 14 வயது மகளுக்குத் தொடையில் கோடு. வளர்கிற வயதில் சகஜமாம். அதை மறைக்க அவள் தோழி சொன்னாள் என்று, 'வெள்ளையாக்கும்' கிரீம் ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி ரகசியமாகப் பூசி வந்திருக்கிறாள். டாக்டரம்மாவிடம் காட்டினால், அது ஸ்டீராய்டு கிரீம்! நாள்பட்டுப் பூசினால் தோல் மெலிந்து, அதுவே கோட்டை உண்டாக்குமாம். 2018 மார்ச்சிலேயே 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடப் பெண் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

என் மகள் யாரைப் பார்த்து ஒளிக்கக் கற்றுக்கொண்டாள்? என்னைப் பார்த்துத்தானே! அன்று இரவு அவளை உட்கார வைத்து என் வயிற்றைக் காட்டினேன். பக்கத்திலிருந்த என் அம்மா, "எனக்கும்தான்டி இருக்கு, உன்னைப் பெத்தப்ப வந்தது" என்று மெதுவாகச் சேலையை விலக்கிக் காட்டினார். 36 வருஷமாக எனக்கே தெரியாது. இது பரம்பரையாகவும் வரும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி இருந்து, மனசும் விரும்பினால் தோல் டாக்டரிடம் போங்கள். என் நிறத்துக்குக் கருக்குமா, எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு மங்கும் என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். 'சுத்தமாகப் போய்விடும்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நாம் வெட்கப்பட்டு மூடி மூடி வைப்பதால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாகிறது.

மீதி 12,000 ரூபாயை மகள் பேரில் தபால் ஆபீசில் போட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பணம் போனதற்குத் திட்டினார். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.