மார்மைட் அம்மாள்

அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு துண்டறிக்கை அனுப்பியிருந்தாள். கருவிலேயே மேதையாக்கும் வகுப்பு. வீணை இசை உண்டு, கட்டணம் தனி. ‘ஐந்தாம் மாதம் முதல் குழந்தையின் மூளை உருவாகத் தொடங்குகிறது’ என்பது முதல் வரி. துண்டறிக்கைகளோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. வீணை கேட்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அந்த முதல் வரிதான் தொண்டையில் சிக்கிய முள்.

ஐந்தாம் மாதமாம்! கிரகப்பிரவேசத்தன்றா கடைக்கால் தோண்டுவார்கள்? கரு தரித்த மூன்றாம் வாரத்திலேயே வேலை ஆரம்பித்துவிடுகிறது. அப்போது கரு ஒரு மெல்லிய ஏடு, இரண்டு மில்லிமீட்டர் நீளம் தேறினால் அதிகம். அதன் முதுகில் நடுவாக ஒரு பட்டை தடிக்கும். பட்டையின் இரண்டு ஓரங்களும், நடுநரம்பை ஒட்டி வெற்றிலையை மடிப்பதுபோல மேலெழுந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். அதுதான் நரம்புக் குழாய். கழுத்துப் பக்கம் முதலில் ஒட்டி, அங்கிருந்து மேலும் கீழும் மூடிக்கொண்டே போகும். தலைமாட்டில் 25ஆம் நாள் வாக்கிலும், கால்மாட்டில் 28ஆம் நாள் வாக்கிலும் வேலை முடியும். மேலே மூடாவிட்டால் பிள்ளை தங்காது. கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தபடி பிறக்கும்.

28ஆம் நாள் என்றால், நாள் தள்ளி இரண்டு வாரம். பலருக்குச் சந்தேகம் வருவதே அப்போதுதான். அதனால்தான் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கரு தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

மாத்திரை என்றதும் லூசி வில்ஸ் வந்துவிடுகிறார். இனி வகுப்பாவது ஒன்றாவது. 1928இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர். அங்கே மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ரத்தசோகையில் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியா என்று தேடினார், இல்லை. சாப்பாட்டில்தான் ஏதோ குறை. எலிகளுக்கு அதே சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார், குரங்குகளுக்கும் போட்டுப் பார்த்தார். 1929இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில். கடைசியில் தேற்றியது எது? மார்மைட். ஈஸ்டிலிருந்து எடுத்த கறுப்புக் களிம்பு, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவுவது, மலிவுச் சரக்கு. நான்காம் நாளே அந்தப் பெண்களுக்குப் பசி எடுத்ததாம்.

களிம்புக்குள் இருந்த சரக்குதான் ஃபோலேட். 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்துப் பெயரும் வைத்தார்கள். லூசி 1964இல் இறந்தார். மறு வருஷம்தான் ஸ்மித்தெல்ஸும் ஹிப்பர்டும், ஃபோலேட் குறைவுக்கும் மூடாத குழாய்க்கும் முடிச்சிருக்கலாம் என்று எழுதினார்கள். 1991இல் ஏழு நாடுகளில் நடந்த சோதனை முடிச்சை உறுதிசெய்தது: முன்பு அப்படியொரு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஆபத்து 72 சதவீதம் குறைந்தது.

இவ்வளவையும் அண்ணன் மகளுக்கு ஏழு செய்திகளாக அடித்து அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது: “மாத்திரையெல்லாம் கல்யாணத்தப்பவே டாக்டர் கொடுத்துட்டாங்க சித்தப்பா. வீணை கிளாஸ்ல சேரட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க.”