கேஸ் அடிப்பதா, கசிவை அடைப்பதா?



மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் நம்மில் பலர் தவறாமல் ஒரு காரியம் செய்கிறோம். பழைய காரையோ வேனையோ ஏ.சி. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தி, "கேஸ் அடித்து விடுப்பா" என்கிறோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது. இரண்டாயிரமோ இரண்டாயிரத்து ஐந்நூறோ கொடுத்துவிட்டு, ஜில்லென்ற காற்றில் கடைக்குத் திரும்புகிறோம். கத்திரி வெயில் பிறப்பதற்குள் மறுபடியும் அனல் காற்றுதான் வருகிறது. மெக்கானிக்கைத் திட்டுகிறோம். அடுத்த ஆண்டும் அதையே செய்கிறோம்.

இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நானும் மூன்று கோடை இதே தவற்றைச் செய்தவன். அதற்கு நான் கொடுத்த விலை பணம் மட்டுமல்ல என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

என் கதை

நான் விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். ஏலக்காய் கொள்முதலுக்காக மாதம் இரண்டு தடவையாவது போடிக்குப் போய் வர வேண்டும். வண்டி 2009-இல் வாங்கிய டீசல் வண்டி. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜின் இன்றும் திடமாக இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து, 2024 தொடக்கத்தில் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தும் ஆயிற்று.

ஏ.சி. மட்டும் தகராறு. 2022 கோடையில் கேஸ் அடிக்க ரூ. 2,200 கொடுத்தேன். 2023-இல் இரண்டு தடவை, ரூ. 4,800. 2024 பங்குனியில் ரூ. 2,500. ஆக மொத்தம் ரூ. 9,500.

கடைசியாகப் போனபோது அந்த மெக்கானிக் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க. எங்கே கசியுதுன்னு கழற்றிப் பார்த்துடலாம். பார்க்கிற கூலி எண்ணூறு ரூபாய் ஆகும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்ப்பதற்குமா கூலி? கேஸை அடி தம்பி, இந்தக் கோடையை ஓட்டிவிடலாம்" என்றேன். அவரும் அடித்துக் கொடுத்தார்.

மே மாதம் நடுவில் போடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டு மணி. ஏ.சி. செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கண்ணாடியை இறக்கினால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி உசிலம்பட்டி வருவதற்குள் வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றது. என்னிடம் பத்தொன்பது ஆண்டாக வண்டி ஓட்டும் தம்பி ஒரு கணம் கண் அசந்துவிட்டார். அவருக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எனக்கு நெற்றியில் நாலு தையல். பத்தடி தள்ளியிருந்தால் புளியமரம்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தம்பி, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, வெக்கையில கண்ணு தானா மூடிருச்சு" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான். எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடித்தவன் நான்தானே.

பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதல்ல

நம்மில் பலருக்கு இருக்கும் அடிப்படைத் தவறான எண்ணம், ஏ.சி. கேஸ் என்பது ஓட ஓடச் செலவாகும் பொருள் என்பது. அது அப்படியல்ல. கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டிரையரில் ஈரம் வடிகட்டப்பட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குப் போய், உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. மூடிய வட்டம். ரப்பர் குழாய்கள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு குறைவது இயல்பு. ஒரே கோடையில் முழுவதும் போய்விட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள்.

ஓட்டைச் சாக்கில் பருப்பு நிரப்புவோமா? முதலில் சாக்கைத் தைப்போம். கல்லாவில் நாளும் நூறு ரூபாய் குறைந்தால், மாலையில் நூறு ரூபாய் போட்டுச் சரிக்கட்டிக் கணக்கை முடிப்போமா? எங்கே போகிறது என்று பார்ப்போம். கடையில் இருக்கும் இந்த அறிவு வண்டி விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் வேலை செய்வதில்லை?

கசிவுக்கு அடையாளம் நாமே பார்க்கலாம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் ஓடுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் வடியும்; அதில் தூசி ஒட்டி எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். பானெட்டைத் திறந்து, குழாய் இணைப்புகள், கண்டென்சரின் கீழ் மூலை, கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். கல் அடித்தும் துருப்பிடித்தும் பழைய வண்டிகளில் அடிக்கடி ஓட்டையாவது கண்டென்சர்தான். இணைப்பு வளையங்கள் காய்ந்துபோவதும், கம்ப்ரஸர் அச்சின் சீல் தேய்வதும் அடுத்தபடி.

எல்லாக் கோளாறும் கசிவும் அல்ல. ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று சில நூறு ரூபாய்ப் பொருள் போனாலும் கம்ப்ரஸர் சேராது. கண்டென்சரில் தூசி அடைத்திருந்தாலும், மின்விசிறி சுற்றாவிட்டாலும், வண்டி நிற்கும்போது குளிர் இருக்காது, ஓடும்போது இருக்கும். ஏ.சி. போட்டதும் சூட்டு முள் ஏறுகிறதென்றால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். லட்சக்கணக்கில் ஓடிய வண்டிக்கு இது முக்கியம்.

தராசு எங்கே?

மெக்கானிக்கிடம் நாம் கேட்க வேண்டியவை ஐந்தே.

ஒன்று: முதலில் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நீர் தடவினால் கொப்புளம் காட்டும். சாயம் விட்டுப் புற ஊதா விளக்கில் பார்ப்பதும் உண்டு.

இரண்டு: குழாயைத் திறந்தால் டிரையரை மாற்றுங்கள். அது நம் உப்பு மூட்டை மாதிரி. காற்றுப் பட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மூன்று: கேஸ் ஏற்றும் முன் அரை மணி நேரமாவது வேக்குவம் போட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேறினால்தான் ஆயுள். ஈரம் தங்கினால் வால்வில் பனியாக உறையும். உள்ளே அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வேக்குவம் முள் இறங்காமல் நிற்கிறதா என்பதும் ஒரு சோதனை.

நான்கு: கேஸை நிறுத்துப் போட வேண்டும். எத்தனை கிராம் என்பது பல வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். கண்ணளவில் சர்க்கரை நிறுத்தால் வாடிக்கையாளர் நம்மைச் சும்மா விடுவாரா? தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டு வைத்திருக்கும் நாம், தராசே இல்லாத இடத்தில் வாய் திறக்காமல் நிற்கிறோம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியவர்கள் சொன்னதுதானே.

ஐந்து: கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள், பட்டியலும் வாங்குங்கள். பயணிகள் காரின் பழுதுச் செலவுக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு நம் போன்றவர்களுக்குக் கிடையாது. அதனால்தான் பலர் பட்டியலைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் மறுபடியும் கசிந்தால், போய் நின்று கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம். தொழிலுக்கு ஓடும் வண்டியானால் வருமான வரிக் கணக்கில் செலவு எழுதவும் அதுவே ஆதாரம்.

கலப்படம் இங்கும் உண்டு

பதினைந்து இருபது ஆண்டுப் பழைய வண்டிகளில் ஓடுவது பெரும்பாலும் ஆர் 134ஏ என்ற கேஸ். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத சிலிண்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளாதீர்கள். சமையல் எரிவாயு இனத்தைச் சேர்ந்த கேஸும் குளிர் கொடுக்கும். ஆனால் கசிந்தால் தீப்பிடிக்கும். கூலிங் காயில் நாம் உட்காரும் இடத்துக்குள்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

போலி கேஸ் ஆளைக் கொல்லும் என்பதற்குச் சரக்குலகிலேயே சான்று இருக்கிறது. 2011-இல் உணவுப் பொருள் ஏற்றிச் செல்லும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் சில துறைமுகங்களில் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர் 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த கேஸை ஏற்றியிருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளாக மாறுகிறது. மிளகில் பப்பாளி விதையைக் கலப்பவனை நாம் மன்னிப்பதில்லை. இதையும் மன்னிக்கக் கூடாது.

பழைய வண்டிக்கு ஏன் இந்தச் செலவு?

"எங்கள் அப்பா ஏ.சி. இல்லாமலே ஊர் ஊராய்ச் சுற்றிக் கொள்முதல் செய்தார்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அவர் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி வெயிலுக்கு முன் ஊர் சேர்ந்தார். நாம் ஏலம் முடிந்து உச்சி வெயிலில் திரும்புகிறோம். ஓட்டுநரின் களைப்பு விபத்தாகிறது என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. வேண்டும், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளில் அது இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம்.

"விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே" என்பது இன்னொரு யோசனை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். என் வண்டிக்கு நான் செய்த செலவைச் சொல்கிறேன். பார்க்கும் கூலி ரூ. 800, கண்டென்சர் ரூ. 5,200, டிரையர் ரூ. 950, வளையங்கள் ரூ. 150, கேஸும் ஆயிலும் ரூ. 2,400, வேலைக் கூலி ரூ. 2,000. மொத்தம் ரூ. 11,500. ஓட்டை கண்டென்சரின் கீழ் மூலையில் ஊசிமுனை அளவே இருந்தது. இதை 2022-லேயே செய்திருந்தால், அந்த ரூ. 9,500 வீணாகப் போயிருக்காது. ஆஸ்பத்திரிச் செலவையும், ஒரு மனிதர் இரண்டு மாதம் கட்டுப் போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்ததையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2025 கோடையில் கேஸ் அடிக்கவே இல்லை, குளிர் குறையவில்லை.

செலவு செய்யக் கூடாத இடமும் உண்டு. கம்ப்ரஸர் உள்ளேயே நொறுங்கி உலோகத் தூள் குழாயெங்கும் பரவிவிட்டால், கம்ப்ரஸரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கண்டென்சர், டிரையர், வால்வு எல்லாம் மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டும். அந்தத் தொகை வண்டி விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டுமானால், ஏ.சி.யை மறந்துவிட்டு அப்பா காலத்து விடியற்காலைப் பயணத்துக்குத் திரும்புவதே நேர்மையான கணக்கு. ஆனால் அதையும் சோதித்துத் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

செப்பனிட்ட பிறகு ஒரு சிறு வேலை: மழைக்காலத்திலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள். ஆயில் சுற்றினால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும்.

குற்றம் யாருடையது?

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று எனக்கு உண்மையைச் சொன்னவர் ஒரு மெக்கானிக்தான். பார்ப்பதற்குக் கூலி தர மாட்டோம், கேஸுக்கு மட்டும் தருவோம் என்று நாம் நின்றால், அவர் கேஸைத்தானே விற்பார்? வாங்குபவன் எதற்குப் பணம் தருகிறானோ அதுதான் கடையில் நிற்கும். இது நமக்குத் தெரியாத வியாபாரமா?

எனவே என் வேண்டுகோள் இரண்டு. சோதித்துப் பார்க்கும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுப்போம். நிறுத்துப் போட்டுப் பட்டியல் தரும் பட்டறைகள் எவை என்று உறுப்பினர்கள் தத்தம் அனுபவத்தில் கண்டதைச் சங்கத்துக்கு எழுதட்டும். சங்கம் அதைத் தொகுத்து மாசிக்குள் சுற்றுக்கு விடட்டும்.

என் ஓட்டுநர் தம்பி இப்போது மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். போடிப் பயணத்தில் ஏ.சி.யைக் குறைக்கட்டுமா என்று சில சமயம் என்னைக் கேட்பார். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.