சுவருக்குக் கீழே யார் வீடு?

2019 டிசம்பர் 2-ஆம் தேதி, விடிந்தும் விடியாத நேரம். மேட்டுப்பாளையம் நடூரில் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று ஆதிதிராவிடர் குடியிருப்பின் ஓட்டு வீடுகள் மீது சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் அருந்ததியர் மக்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாக ஊரார் சொன்னார்கள். தீண்டாமைச் சுவர் என்றே அதை அழைத்தார்கள். வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு நடூரைப் பற்றி இப்போது ஏன் பேசுகிறோம்? ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பி, தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் மனைப்பிரிவுக்கும் தளம் எழுப்புவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். நிரப்பிய மண் சரியாமல் இருக்க ஓரத்தில் ஒரு சுவர் கட்டுகிறார்கள். அதன் அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் தெரியும். ஊரில் தாழ்ந்த நிலம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது பழைய கதை. இன்று மழைநீரும் அதே பக்கம்தான் இறங்குகிறது.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. 20 அடி, அதாவது 6 மீட்டர் உயரத்துக்கு ஒரு பக்கம் மண் நிரப்பிய தடுப்புச் சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மணற்பாங்கான மண் காய்ந்திருக்கும்போது அந்த ஒரு மீட்டரைச் சுமார் 11 டன் விசையோடு தள்ளும். பெருமழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் மேல்மட்டம் வரை தேங்கினால், தண்ணீர் மட்டுமே 18 டன், ஊறிய மண் இன்னொரு 6 டன் என 24 டன் தள்ளும். சுவர் அதே சுவர்தான். அதன் மேல் விழும் பாரம் ஒரே இரவில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

சுவர் தாங்கும் விசையை அதைத் தள்ளும் விசையால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. 1 என்றால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். சறுக்காமல் இருக்க 1.5, கவிழாமல் இருக்க 2 வேண்டும் என்பது பொதுவான வழக்கம். காய்ந்த மண்ணுக்கு 1.5 என்று கணக்குப் போட்ட சுவர் அந்த 24 டன்னுக்கு முன்னால் 0.7-க்கும் கீழே போய்விடும். இதைத் தடுப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். சுவருக்குப் பின்னால் ஜல்லி அடுக்கு, ஐந்தடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வெளியேற ஒரு பைப். அவ்வளவுதான்.

அந்த 1.5-ஐயும் அப்படியே நம்பிவிட முடியாது. இரும்புக் கம்பியின் வலிமை ஆலையிலேயே அளந்து வருகிறது. மண் அப்படி வருவதில்லை, லாரிக்கு லாரி மாறும். அதனால்தான் இன்றைய மண் பொறியியல் ஒரே எண்ணோடு நிற்பதில்லை. மண்ணின் வலிமை, நீர்மட்டம், மழை எல்லாம் எந்த அளவுக்கு மாறக்கூடும் என்று பார்த்து, சுவர் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கிறது. இதற்குப் பெயர் நம்பகத்தன்மைப் பகுப்பாய்வு. ஐரோப்பியக் கட்டுமான விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒரு கட்டுமானம் இடிந்தால் எத்தனை உயிர் போகும் என்பதை வைத்து அதை வகைப்படுத்தி, உயிர்ச்சேதம் கூடுதலாக வரக்கூடிய இடத்தில் கூடுதல் உறுதி கேட்கின்றன. அந்த அளவுகோலில் காலனிக்கு மேலே நிற்கும் சுவர்தான் மிகக் கண்டிப்பாகச் சோதிக்கப்பட வேண்டியது. நம் ஊரிலோ மண் பரிசோதனை தொழிற்சாலைக் கட்டடத்தின் அடித்தளத்தோடு முடிந்துவிடுகிறது. ஓரச் சுவரை மேஸ்திரியின் கண் அளவுக்கு விட்டுவிடுகிறார்கள்.

'அப்படிப்பட்ட மழை இங்கே பெய்யாது' என்று இனி யாரும் சொல்ல முடியாது. நடூர் சுவர் விழுந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், நம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய நாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடியதில் ஏழு உயிர்கள் போயின.

கல்குவாரியில் இறங்கி வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுரங்க ஒழுங்குமுறை விதிகளின்படி மேல் மண்ணை 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக வெட்டக் கூடாது. இல்லையென்றால் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத படிகளாக வெட்ட வேண்டும். கெட்டிப் பாறையிலும் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அண்ணாந்து பார்த்தாலே விதி மீறல் தெரிந்துவிடும், கருவி எதுவும் தேவையில்லை.

சுவர் விழுந்த பிறகு இழப்பீடு கேட்பதற்குத்தான் சட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விழுவதற்கு முன்பே கேட்க இடமிருக்கிறது. விழுந்து ஆட்களுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய நிலையில் இருக்கும் கட்டுமானத்தை இடிக்கவோ, பழுது பார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. மனுவில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறதா, கிடைமட்டமாக விரிசல் ஓடுகிறதா, கனமழைக்குப் பிறகும் பைப்பில் சொட்டுத் தண்ணீர் வராமல் கல் இடுக்கில் கசிகிறதா என்று பாருங்கள். தேதியோடு படம் எடுங்கள். படித்த பிள்ளைகள் உயரத்தையும் நீளத்தையும், சுவருக்கும் முதல் வீட்டுக்கும் உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான். குடியிருப்புகளுக்கு மேலே நிற்கும் தடுப்புச் சுவர்கள், மண் மேடுகள் அனைத்தையும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களைக் கொண்டு பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் நிலையையும் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பட்டியல் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.