குளிர்சாதன இரைச்சலை முன்னரே கணக்கிடுதல்

அறையைக் குளிர்விக்கும் இயந்திரம் அங்கு பேசப்படும் பேச்சைக் கெடுக்குமாயின், அதனால் விளையும் நன்மை பாதியே எனலாம். பள்ளி, நூலகம், பயிற்சிக் கூடம் ஆகியவற்றில் காற்றோட்டத்துக்கும் குளிர்ச்சிக்கும் பெரும் பொருள் செலவிடப்படுகிறது. ஆயினும் இரைச்சலைப் பற்றிய சிந்தனை, இயந்திரங்களைப் பொருத்தி ஓடவிட்ட பின்னரே பெரும்பாலும் எழுகிறது. வரைபட நிலையிலேயே அதனைக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரின் இயல்பான குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல் அளவில் இருக்கும். கடைசி வரிசையை எட்டுவதற்குள் அது 50-ஐ ஒட்டித் தணிந்துவிடலாம். சொற்கள் ஐயமின்றி விளங்க வேண்டுமானால், பேச்சு பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபெல்லாவது மேலோங்கி நிற்றல் வேண்டும். எனவே அறையின் இரைச்சல் 35 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டியதாகிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் வகுப்பறைக்கு இதே அளவைப் பரிந்துரைத்தன. ஜன்னலில் பொருத்தும் ஏர்கண்டிஷனர் ஒன்று 50 டெசிபெல்லுக்கு மேல் இரைவது சாதாரணம். அப்போது உயிரொலிகள் காதில் விழும். வலுக்குறைந்த மெய்யொலிகள் மறைந்துபோகும். ‘கல்’ என்றாரா, ‘பல்’ என்றாரா என்று பின்வரிசை மாணவன் ஊகிக்க வேண்டியவனாகிறான். அவனைக் கவனமில்லாதவன் என்று கண்டிப்பது நியாயமாகாது.

டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் அன்று. ஓரிடத்தில் தனித்தனியே 52 டெசிபெல் தரும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடினால் 104 ஆகாது, 55 ஆகும். அவ்வாறே ஒன்றை நிறுத்தினாலும் 3 டெசிபெல்லே குறையும். ஓசை பாதியானதாகக் காது உணர்வதற்கோ சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும்.

ஆகவே பரிகாரத்தை வேறிடத்தில் தேட வேண்டும். விசிறியின் வேகம் பாதியானால் அது எழுப்பும் ஒலித்திறன் ஏறக்குறைய 15 டெசிபெல் தணிகிறது. காற்றின் அளவும் உடன் பாதியாகிவிடுமாதலால், பெரிய விசிறியை மெதுவாகச் சுழலவிடுவதே வழி. காற்றுக்குழாய்க்கும் இது பொருந்தும். செலவைக் குறைக்கக் குழாயையும் கிரில்லையும் சிறிதாக்கினால், அதே காற்று விரைந்து செல்ல நேரும். வேகம் இருமடங்கானால் கிரில்லில் எழும் சீற்றம் 15 முதல் 18 டெசிபெல் வரை ஏறக்கூடும். தகட்டில் மிச்சம் பிடித்ததைக் காதின் கணக்கில் பற்று எழுதுகிறோம்!

கணக்கிடும் முறை கடினமன்று. விசிறி தயாரிப்பாளர் தரும் ஒலித்திறன் அளவிலிருந்து தொடங்கி, குழாயின் நீளத்திலும் வளைவுகளிலும் குறைவதைக் கழித்து, கிரில்லில் புதிதாகப் பிறப்பதையும் கருதி, அறையின் பரப்பும் உட்பூச்சும் செய்யும் மாற்றத்தைச் சேர்த்து, கேட்போர் இருக்கையில் எஞ்சுவது எவ்வளவு என்று காண வேண்டும். தாழ்ந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் தனித்தனியே கணக்கிடுவது அவசியம். குழாயினுள் ஒட்டும் கண்ணாடிப் பஞ்சு சீற்றத்தை நன்கு உறிஞ்சும். விசிறியின் உறுமலை எளிதில் உறிஞ்சாது. தரை வழியே பரவும் அதிர்வைத் தடுக்க ஸ்பிரிங் தாங்கிகளும், விசிறிக்கும் குழாய்க்கும் இடையே கான்வாஸ் இணைப்பும் உதவும்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஒப்பந்தப் புள்ளி அறிவிப்புகள் பல என் கை வழியே சென்றுள்ளன. குளிர்ச்சி எத்தனை டன், மின்சாரம் எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. டெசிபெல் என்ற சொல்லை எழுதும் வாய்ப்பு எனக்கு அரிதாகவே கிட்டியது. எழுதிக் கேளாததை ஒப்பந்தக்காரர் தருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆளில்லா அறையில் இருக்கத்தக்க இரைச்சலின் வரம்பைக் குறிப்பிட்டு, அதனை அளந்து காட்டிய பின்னரே இறுதித் தொகை தரப்படும் என்று விதித்தல் வேண்டும். செலவு கூடும் என்பர். கூடும்தான், ஆனால் முடிந்த கட்டடத்தில் கூரைத் தட்டியைப் பிரித்துக் குழாயை மாற்றும் செலவோடு அதனை ஒப்பிட வேண்டும்.

ஏற்கெனவே இரையும் அறைகளில் பணிபுரியும் ஆசிரியர்கள், இயந்திரம் ஓடும்போதும் நிறுத்தியபோதும் கடைசி வரிசையில் ஒலிமானியால் அளந்து, இரு எண்களையும் தேதியுடன் குறித்துப் பராமரிப்புப் பொறியாளருக்கு எழுதலாம். கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலி அத்துணைத் துல்லியமானதன்று. எனினும் வேறுபாட்டைச் சுட்டிக்காட்ட அது பெரும்பாலும் போதும்.